பாமாலையும் கீர்த்தனையும்

தமிழ்நாட்டில் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம் ஒன்றுக்கு ஞாயிறு காலை போகிறவர் கையில் வேதாகமத்தோடு பாட்டுப் புத்தகமும் இருக்கும். பல வீடுகளில் அது பாமாலை, கீர்த்தனை என்ற இரண்டு பகுதிகளையும் ஒரே அட்டைக்குள் கட்டிய புத்தகம். பாமாலைப் பாட்டின் தலையில் 8.7.8.7 என்றோ 7.6.7.6 என்றோ எண்கள் இருக்கும். அடிக்கு எத்தனை அசை என்ற கணக்கு அது. அந்தக் கணக்குக்கு ஒத்த எந்த மேனாட்டு மெட்டிலும் அந்தப் பாட்டைப் பாடிவிடலாம். கீர்த்தனையின் தலையில் சங்கராபரணம், ஆதி தாளம் என்றோ செஞ்சுருட்டி, ரூபக தாளம் என்றோ அச்சிட்டிருக்கும். அதன் கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். முன்னதற்கு ஆர்கன் எழும்பும். சபை எழுந்து நிற்கும். பின்னதற்குத் தாளம் சேரும். பாடற்குழு பல்லவியை எடுத்துக் கொடுக்கும்.

இந்த இரண்டில் ஒன்று அந்நியம், மற்றது நம்முடையது என்று சபைக்குள்ளும் வெளியிலும் வெகுநாளாகச் சொல்லி வருகிறோம். பாமாலை மிஷனெரிமார் சுமத்திய பாட்டு, கீர்த்தனை மண்ணில் முளைத்த பாட்டு என்பது பலருக்கும் முடிந்த முடிவு. இரண்டின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த முடிவு நிற்பதில்லை. ஒரு பாட்டு எங்கே பிறந்தது என்பதைவிட, அதை யார் வாய் திறந்து பாட முடிந்தது, யார் பாட முடியாமல் போனது என்பதே சபைக்கு முக்கியமான கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

பாமாலையின் வேர் லூத்தரிடம் இருக்கிறது. 1524-இல் எட்டே பாட்டுகளோடு ஒரு சிறு புத்தகம் ஜெர்மனியில் அச்சாயிற்று. அதில் பாதி லூத்தருடையவை. அதுவரை ஆலயத்தில் லத்தீனில் பாடியவர்கள் குருமாரும் பாடகர்களும்; மற்றவர்கள் கேட்டு நின்றார்கள். சந்தையிலும் வீட்டிலும் பேசுகிற மொழியில், வாய்க்குப் பழகிய மெட்டில் எல்லாரும் பாடட்டும் என்று லூத்தர் துணிந்தது சமயச் சீர்திருத்தத்தின் பாதி வேலையைச் செய்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது இந்தப் பாட்டு மரபையும் சுமந்து வந்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே அச்சகம் வந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. ஜெர்மன் மெட்டில் பாடத் தமிழ் வரிகளும் அச்சேறின. அடுத்த தலைமுறையில் 1740-இல் வந்த பப்ரீசியஸ், சென்னை வேப்பேரியில் தங்கி வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்த்தார். அதோடு ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழில் தந்தார். லுத்தரன் சபைகள் இன்றும் அவர் வரிகளைப் பாடுகின்றன.

லூத்தர் ஜெர்மானியருக்கு ஜெர்மன் வாயில் பாட்டைக் கொடுத்தார். அவருடைய சீடர்கள் தமிழருக்குத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தார்கள், மெட்டை மட்டும் ஜெர்மனியிலிருந்தே கொண்டுவந்தார்கள். குருவின் சொல்லைக் காத்து, அவர் செய்ததைச் செய்யாமல் விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ஆங்கிலேயச் சங்கங்களின் மிஷனெரிமார் ஆங்கில ஞானப்பாட்டுகளைச் சேர்த்தபோதும் இதே வழிதான்.

ஆனால் அந்த மெட்டுகளும் வானத்திலிருந்து தூய்மையாக இறங்கியவை அல்ல. லெந்து நாட்களிலும் பெரிய வெள்ளியன்றும் நம் ஆலயங்களில் பாடுகிற, ஆண்டவருடைய காயப்பட்ட தலையைப் பார்த்துப் பேசும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலம் ஒரு இடைக்கால லத்தீன் தியானக் கவிதை. 1656-இல் பவுல் கெர்ஹார்ட் அதை ஜெர்மனில் பாட்டாக்கினார். முப்பதாண்டுப் போரில் வளர்ந்து, ஐந்து பிள்ளைகளில் நால்வரை மண்ணில் வைத்த போதகர் அவர். மெட்டோ, ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற இசைஞர் 1601-இல் வெளியிட்ட காதல் பாட்டினுடையது. ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்கிப் பாடிய மெட்டு, அரை நூற்றாண்டில் சிலுவையடியில் நிற்பவனின் மெட்டாயிற்று. பிறகு இசையமைப்பாளர் பாக் அதைத் தம்முடைய மத்தேயு பாடுகளின் இசையில் திரும்பத் திரும்ப வைத்தார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தஞ்சைக்குப் போவோம்.

1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம், பன்னிரண்டு வயதளவில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குப் போனார். பின்னர் சரபோஜி மன்னராக வந்தவரும் அதே ஐயரிடம் வளர்ந்தவர். ஒருவர் அரசரானார், மற்றவர் கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியரும் கவிராயரும் ஆனார். அந்த அரண்மனையைச் சுற்றி மராத்தியும் தெலுங்கும் தமிழும் சமஸ்கிருதமும் பாட்டாகவும் நாட்டியமாகவும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தமிழில் அன்று செல்வாக்காக இருந்த வடிவம் குறவஞ்சி: தலைவன் பவனி வருகிறான், தலைவி கண்டு மயங்குகிறாள், குறத்தி வந்து நாடு நகர் மலை எல்லாம் சொல்லிக் கைபார்த்துக் குறி சொல்கிறாள், அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான், பறவை பிடிக்கிறான். வேதநாயக சாஸ்திரியார் இந்த வடிவத்தை அப்படியே எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். பவனி வருகிறவர் கிறிஸ்து. மயங்கும் தலைவி சீயோன் மகள். குறி சொல்ல வருவது விசுவாசம். சிங்கன் பிடிக்கும் பறவைகள் ஆத்துமாக்கள். குறத்தி தன் மலைவளமும் நாட்டுவளமும் சொல்ல வேண்டிய இடத்தில் உலகப் புவியியல் வருகிறது. சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடும் புதிய வானியல் வருகிறது. தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் ஜெர்மானியரிடம் படித்த புதுப்பாடத்தைக் குறத்தியின் வாயில் வைத்தவர் அவர். (இவரையும், பின்னாளில் மாயூரத்தில் முன்சீபாக இருந்து ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளையையும் ஒருவராக எண்ணுகிறவர்கள் இன்றும் உண்டு. ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடியவர் இரண்டாமவர்.)

ஹாஸ்லரின் காதல் மெட்டைக் கெர்ஹார்டின் வரிகள் எடுத்துக்கொண்டதற்கும், தமிழ்த் தலைவியின் காதல் மயக்கத்தைச் சாஸ்திரியார் சீயோன் மகளுக்குக் கொடுத்ததற்கும் என்ன வித்தியாசம்? வேலை ஒன்றுதான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்து ஆண்டவருக்கு முன் வைப்பது. அந்த வகையில் லூத்தரின் உண்மையான சீடர் தமிழ்நாட்டில் சாஸ்திரியார்தான்.

பாட்டின் உடலைப் பார்த்தால் இரண்டும் இரண்டு விதமாக மூச்சு விடுகின்றன. ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகள் சொல்லின் அழுத்தத்தை நம்பி நடக்கின்றன. தமிழ் அடி குறில் நெடில் அளவை நம்பி நடக்கிறது. மேனாட்டு மெட்டில் சுரம் நீளும் இடத்தில் தமிழ்க் குறில் வந்து விழுந்தால் பாடுகிறவர் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் ‘மனம்’ என்பது காதுக்கு ‘மானம்’ ஆகிவிடும், ‘படு’ என்பது ‘பாடு’ ஆகிவிடும். அசை எண்ணிக்கையைச் சரிக்கட்ட ஒரு சொல் பாதியில் முறிந்து அடுத்த சுரத்தில் ஏறும். எதுகை இருக்காது, மோனை தற்செயலாக வந்தால் உண்டு. புத்தகம் இல்லாமல் பாமாலையை மனப்பாடம் செய்வது கடினம் என்று இளையவர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். கீர்த்தனையில் எதுகை அடுத்த வரியை வாய்க்குள் கொண்டுவந்து வைத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் எத்தனையோ சரணங்களைத் தடையின்றிப் பாடியதற்கு அந்த யாப்பும் ஒரு காரணம்.

இதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. பாமாலை நேராக முன்னேறும் பாட்டு. முதல் கவியில் ஒன்றைச் சொல்லும். இரண்டாவதில் அதை வளர்க்கும். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ மரணத்துக்கும் நித்தியத்துக்கும் வந்து சேரும். ஹென்றி பிரான்சிஸ் லைட் 1847-இல், தம் மரணத்துக்கு அருகில் எழுதிய மாலைப் பாட்டு நல்ல உதாரணம். வெளியே பொழுது சாய்வதில் தொடங்கும் அது, உயிர் பிரியும் வேளையில் கண்முன் சிலுவையைப் பார்ப்பதில் முடிகிறது. நடுவில் இரண்டு கவிகளை விட்டுவிட்டால் வழி அறுந்துவிடும். நேரமில்லை என்று முதல் கவியையும் கடைசிக் கவியையும் மட்டும் பாடச் சொல்லும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது; பாட்டைக் கொல்கிற வழக்கம் அது.

கீர்த்தனை சுற்றி வரும் பாட்டு. எந்தச் சரணம் பாடினாலும் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் ஒவ்வொரு முறையும் அதே பல்லவி புதிதாகக் கேட்கும், ஏனென்றால் இடையில் ஒரு சரணம் நடந்திருக்கிறது. இரண்டு சரணம் குறைந்தாலும் பாட்டு உடையாது. தேவாரமும் திருவாய்மொழியும் பழக்கிய காதுக்கு இந்தச் சுற்றல் இயல்பானது. கேட்பதும் கெஞ்சுவதும் உரிமையோடு அதட்டுவதும் அதற்குள் வரும். பாமாலையில் பாடுகிறவர் பெரும்பாலும் தம் விசுவாசத்தை அறிக்கையிடுகிறார். கீர்த்தனையில் ஆண்டவரை வரச்சொல்லி வாசலில் நிற்கிறார். சபைக்கு இரண்டும் வேண்டும். துக்க வீட்டில் சுற்றிச் சுற்றி ஒரே சொல்லைச் சொல்லும் மனநிலையும் உண்டு. அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, இன்னும் போக வேண்டிய வழி இருக்கிறது என்று கேட்க வேண்டிய தேவையும் உண்டு.

இங்கே வரைக்கும் கீர்த்தனையின் பக்கம் தராசு சாய்வது போலத் தோன்றும். 1820களின் தஞ்சையைப் பார்க்கும்போதுதான் கணக்கு கடினமாகிறது.

சுவார்ட்ஸ் 1798-இல் காலமானார். அடுத்து வந்த மிஷனெரிமார் பழைய தரங்கம்பாடி ஐயர்மாரைப் போல விட்டுக்கொடுக்கிறவர்கள் அல்லர். அவர்களை எதிர்த்துச் சாஸ்திரியார் எழுதினார். அவருடைய முறையீடுகளில் நான்கு முக்கியமானவை. பப்ரீசியஸ் வேதாகமத்தை நீக்கிப் புது மொழிபெயர்ப்பைப் புகுத்துகிறார்கள். கலியாணத்திலும் சாவிலும் பூ வைக்கக்கூடாது என்கிறார்கள். தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் தடுக்கிறார்கள். சாதிகளைக் கலந்து ஒன்றாக இராப்போஜனம் வாங்கச் சொல்கிறார்கள்.

நான்கையும் ஒரே மூச்சில் சொல்கிறார். பழகிய வேதம், பூ, பாட்டு ஆகிய மூன்றிலும் என் மனம் முழுவதும் அவரோடு இருக்கிறது. நான்காவதில் இருக்க முடியாது. ஒரே ஆலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும் தலித் மக்கள் இன்னொரு பக்கமும் உட்கார்ந்ததை, அவர் ஊர் ஆசாரம் என்று நியாயப்படுத்தினார். பூவும் சாதியும் அவருக்கு ஒரே துணியின் இழைகளாகத் தெரிந்தன. புதிய மிஷனெரிமாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் சாதியோடு பூவையும் கீர்த்தனையையும் சேர்த்து வெளியே வீசப் பார்த்தார்கள். எதிரெதிரே நின்ற இரு சாராரும் இந்த இடத்தில் ஒரே தவற்றைச் செய்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். பலர் அதற்குக் கீழ்ப்படியாமல் சபையை விட்டே விலகினார்கள். சாதியைப் பற்றி வில்சன் சொன்னது சரி. பாட்டைப் பற்றிச் சாஸ்திரியார் சொன்னது சரி. இந்த இரண்டையும் ஒருவரே சொல்லக் கேட்கும் பாக்கியம் அன்றைய சபைக்கு இல்லை.

இந்தப் பின்னணியில் பாமாலையை மறுபடி பார்க்க வேண்டும். மெட்டு ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது என்பதாலேயே அது எந்தச் சாதிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. தோடியும் ஆனந்தபைரவியும் கற்க குரு வேண்டும், அவர் திண்ணையில் ஏற இடம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர்க்கோடியில் வாழ்ந்த குடும்பத்துப் பையனுக்கு அந்தத் திண்ணை கிடைக்காது. மிஷன் பள்ளியில் ஆர்கன் முன் நின்று நான்கு குரலில் பாடக் கற்க அவனுக்குத் தடை இருக்கவில்லை. அவன் தங்கைக்கும் இருக்கவில்லை. ஊருக்கு அந்நியமான மெட்டு, ஊர் ஒதுக்கியவருக்குக் கதவாயிற்று. இதைச் சொல்லாமல் பாமாலையைக் காலனிய மிச்சம் என்று மட்டும் ஒதுக்குவது, பாடியவர்களின் வரலாற்றை அழிப்பது.

கீர்த்தனை ஆலயத்துக்குள் முறையாக வந்த கதையும் நாம் எண்ணுவதுபோல நேரானது இல்லை. 1853-இல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர், சாஸ்திரியாரின் பாட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பொது ஆராதனைக்கான கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். தஞ்சையில் மிஷனெரிமார் தடுத்ததை மதுரையில் வேறொரு மிஷனெரி கையில் எடுத்துச் சபைக்குக் கொடுத்தார். சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்தார். தம் பாட்டு ஊர் ஊராகப் போவதை முதுமையில் அவரால் காண முடிந்தது. பின்னர் ஈரோட்டில் பணிபுரிந்த மிஷனெரி பாப்ளி ஐயர் கர்நாடக இசையை முறையாகக் கற்று, இசைவழிச் சுவிசேஷப் பணிக்குக் கைநூல் எழுதினார்; 1921-இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், சபை தந்த படிப்போடு பண்ணிசை ஆராய்ச்சியில் இறங்கி, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். கிறிஸ்தவர் ஒருவர் தமிழிசையின் இலக்கணத்தையே எழுத முன்வந்த நாள் அது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் பக்திப் பாக்களும் கீர்த்தனைகளின் அருகே வந்து அமர்ந்தன.

சபையின் வாய்க்குள் போன பிறகு இரண்டு மரபும் மாறின. கீர்த்தனையின் தலையில் அச்சிட்ட ராகம் ஒன்றாகவும், சபை பாடும் மெட்டு இன்னொன்றாகவும் இருப்பது சாதாரணம். கமகங்கள் உதிர்ந்தன. நானூறு பேர் சேர்ந்து பாடக்கூடிய நேரான மெட்டு மிஞ்சியது. கச்சேரிக்குப் பழகிய காதுக்கு இது இழப்பு. நானூறு பேர் பாடுகிறார்கள் என்பதை எண்ணும் மனத்துக்கு இது வெற்றி. டிசம்பர் விடியலில் நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ ஊர்களில் பஜனை போகிறவர்கள் ராகப் பெயரைப் பார்த்தா பாடுகிறார்கள்? தாளக்கட்டு கையில், கம்பளி தலையில், ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு பல்லவி. அந்தக் கீர்த்தனை தஞ்சை அரண்மனையிலிருந்து வெகுதூரம் நடந்து வந்துவிட்டது.

பாமாலையும் அப்படித்தான் நடந்து வந்தது. பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனையில் கிராமத்துச் சபை பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். மின்விசிறி சுற்றியும் இறங்காத வெக்கை. ஏழு வார்த்தைகளில் ஒன்று முடிந்ததும் குருவானவர் பாட்டு எண்ணைச் சொல்கிறார். முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் இருக்கும் வயதான பெண்கள் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஆர்கன்காரர் போகும் வேகத்துக்கு அவர்கள் போவதுமில்லை. அடியின் கடைசிச் சுரத்தில் குரலை இறக்கி, ஒரு நெளிவு நெளித்து, ஒப்பாரிக்குப் பழகிய தொண்டை எப்படி இறங்குமோ அப்படி இறங்குகிறார்கள். ஆர்கன்காரர் காத்திருக்கிறார். ஹாஸ்லரின் மெட்டு அங்கே ஜெர்மன் மெட்டாக இல்லை. அதைத் தங்கள் துக்கத்தால் சொந்தமாக்கிக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். அதைக் கேட்ட பிறகும் பாமாலையை அந்நியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குரல் இந்த இரண்டு மரபுக்கும் வெளியே நின்றது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), மாணவர்களுக்குப் ‘பரட்டை’ அண்ணன், அந்தக் குரலுக்கு உரியவர். பாமாலை மேனாட்டாரின் பண்பாடு, கீர்த்தனை மேல்சாதியாரின் பண்பாடு என்றார். சபையில் பெரும்பாலோரான தலித் மக்களின் பாட்டு எங்கே என்று கேட்டார். கேள்வியோடு நிற்கவில்லை. நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறைமை ஒன்றையே அமைத்தார். பறை உட்பட கிராமத்து வாத்தியங்களை அதற்குள் கொண்டுவந்தார். பாடுகிறவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிப் பாட உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை; அச்சுப் புத்தகத்தில் உறைந்த பாட்டு மக்களுடையதாக இருக்காது என்று எண்ணினார். எல்லாரும் ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதை அவர் தம் இறையியலின் நடுவில் வைத்தார். சாஸ்திரியார் தடுமாறிய அதே இராப்போஜனப் பந்திக்கு, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, பாட்டின் வழியாகவே பதில் வந்தது.

அந்தப் பதிலும் எளிதாக ஏற்கப்படவில்லை. ஆலயத்துக்குள் பறையா என்று கேட்டவர்களில் சாதிப் பெருமை பேசியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. பறையைச் சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்து, அந்த வேலையை உதறிய பெருமையோடு ஆலயத்தில் பாமாலை பாடியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு வாத்தியத்தை விடுதலையின் அடையாளமாக மீட்பதும், அதிலிருந்து விடுதலையாகி வெளியேறுவதும் இரண்டுமே சுயமரியாதையின் செயல்கள். எதைச் செய்வது என்பதை அந்தச் சபையாரே தீர்மானிக்க வேண்டும். பண்பாட்டு ஆர்வம் உள்ள மற்றவர்கள் அவர்களுக்காகத் தீர்மானிக்கக்கூடாது.

இன்று பாமாலை–கீர்த்தனைச் சச்சரவு ஓய்ந்துவிட்டது. காரணம் சமாதானம் இல்லை. இரண்டும் சேர்ந்தே பின்வாங்குகின்றன. திரையில் வரிகள் ஓடுகின்றன. கீபோர்டும் டிரம்சும் கித்தாரும் மேடையில் இருக்கின்றன. கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸ் அடிகளாரின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ போன்ற பாட்டுகள் சபை வேலிகளைத் தாண்டி, பெந்தெகொஸ்தே கூடுகையிலும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. எந்தச் சபைச் சங்கமும் செய்யாத ஒற்றுமையை அந்தப் பாட்டுகள் செய்திருக்கின்றன. பேச்சுத் தமிழுக்கு அருகில் நிற்கும் எளிய வரிகள், ஒருமுறை கேட்டால் வாயில் ஒட்டும் மெட்டு, தனிமனிதன் தன் கஷ்டத்தை நேரடியாக ஆண்டவரிடம் சொல்லும் துணிவு. இவற்றைக் குறைவாகப் பேசுகிறவர்கள் ஹாஸ்லரையும் குறவஞ்சியையும் மறந்துவிட்டார்கள். ஊரில் கேட்கும் இசையை எடுத்துக்கொள்வது சபைக்குப் புதிதில்லை.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. மேடையின் ஒலிபெருக்கி ஏற ஏற, கீழே உட்கார்ந்திருப்பவர்களின் குரல் இறங்குகிறது. நல்ல குரல் உள்ள ஐந்து பேர் பாட, மற்றவர்கள் கைதட்டிப் பார்க்கிறார்கள். லூத்தருக்கு முன் லத்தீன் பாடிய பாடகர்களும் கேட்டு நின்ற சனங்களும் எந்த நிலையில் இருந்தார்களோ, அதே நிலைக்குத் திரும்புகிறோம். மொழி மட்டும் தமிழ். இன்னொன்று: புதுப் பாட்டுகள் பெரும்பாலும் வெற்றியையும் ஆசீர்வாதத்தையும் பாடுகின்றன. மரணத்தைப் பாடும் பாட்டு அவற்றில் அரிது. அதனால்தான் பாமாலை வேண்டாம் என்று சொல்லும் இளைஞர்கூடத் தன் தகப்பனாரின் அடக்க ஆராதனைக்குப் பாமாலைப் புத்தகத்தைத் தேடுகிறார்.

சேகர குருமாருக்கும் பாடற்குழுத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்குச் சில பாமாலைகளையும் சில கீர்த்தனைகளையும் எல்லாக் கவிகளோடும் எல்லாச் சரணங்களோடும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். கீர்த்தனையைக் கற்பிக்கும்போது அதை எழுதியவர் எதில் சரியாக நின்றார், எதில் தவறினார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊர்க்கோடித் தெருவின் பாட்டு உங்கள் ஆலயத்தில் இன்னும் கேட்கவில்லை என்றால் அந்தத் தெருவாரையே அழைத்து, அவர்கள் எதைப் பாட விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். புதுப் பாட்டையும் பாடுங்கள். எந்தப் பாட்டானாலும் ஒரு சரணத்துக்காவது ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் சபையைப் பாட விடுங்கள்.